உறை நீங்கலாக

என் தராசை இரவல் கேட்டு வந்தார்கள்.
பெரியாண்டிபாளையம் பிரிவில்
பழைய இரும்பு, பேப்பர், பாட்டில் எடுப்பது
துளசிமணி ஒருத்திதான்.
மணி எட்டு. ஷட்டரைப் பாதி இறக்கியிருந்தேன்.
"அக்கா, தராசு ஓடுதுங்களா?"
எஸ்.ஐ. சின்ன வயசு,
மீசை முகத்துக்கு இன்னும் பழகவில்லை.
பின்னால் இரண்டு காவலர்,
அவர்களுக்கு நடுவே
அயர்ன் மாஸ்டர் மகன் ஹரிசுதன்.
கம்பெனி அடையாள அட்டை
கழுத்தில் திரும்பித் தொங்கியது.

சாட்சிக்கு ஆள் வேண்டுமாம்.
இப்போதுவரை இரைச்சலாயிருந்த டீக்கடையில்
அடுப்பு மட்டும் நின்றது.
ஓடத் தெரியாத சென்னியப்பன் மாட்டிக்கொண்டார்,
கழுவிய டம்ளரோடு.

"மாஜிஸ்ட்ரேட் முன்னால சோதனை போடச் சொல்ல
உனக்கு உரிமை இருக்கு."
எஸ்.ஐ. தாளைப் பார்த்துப் படித்தார்.
பையன் தலையை அசைத்தான்.
சரி என்றா, வேண்டாம் என்றா,
தெரியவில்லை. எழுதியாகிவிட்டது.

கட்பீஸ் துணியில் தைத்த பை.
அதற்குள் பாலித்தீன்.
அதற்குள் நாளிதழ், நாலு மடிப்பு.
அதற்குள் அது.
காய்ந்த துளசி மாதிரி இருந்தது,
என் பேருக்கே கூச்சமாகிவிட்டது.

பையோடு தூக்கித் தட்டில் வைத்தார்கள்.
சிவப்பு எண்கள் கொஞ்சம் தடுமாறி நின்றன:
1.060.
"கிலோ தாண்டிருச்சு சார்" என்றார் ஒரு காவலர்,
கறிக்கடையில் சொல்வதுபோல.
கிலோவுக்குள்ளே என்றால் ஒரு வருசம்,
தாண்டினால் பத்து வரைக்கும் போகுமாம்.
சென்னியப்பன் என் காதில் சொன்னார்.

நல்லா வேணும் என்றுதான் நினைத்தேன்.
வாரா வாரம் என் சாக்குகளில்
காலி மாத்திரை அட்டை, வளைந்த ஊசி.
போன ஆடியில் பாட்டில் பிரிக்கும் ரூபனுக்கு
உள்ளங்கையில் ஒன்று ஏறி
ஆறு மாசம் ரத்தம் கொடுக்க நடந்தோம்.
ஒவ்வொரு முறையும் முடிவு வரும்வரை
அவன் சோற்றைத் தனித்தட்டில் தின்றான்,
யாரும் சொல்லாமலே.

ஆனால் என் வாய் இருக்கிறதே.
"சாக்கு எடை கழிக்கலீங்களே?"

எல்லோரும் திரும்பினார்கள்.
பையன்கூட.
இருபது வருசமாகச் சொல்லும் வாக்கியம்,
பேப்பர் விற்க வரும் வாத்தியாரிடம்,
ஈயப் பாத்திரம் கொண்டுவரும் கிழவரிடம்,
மில் கேட்டில் என்னிடம் அவர்கள்.
சாக்கைக் கழிக்காத எடை எடையே இல்லை.

எஸ்.ஐ. என்னைக் கொஞ்ச நேரம் பார்த்தார்.
பிறகு உறைகளை மட்டும் தட்டில் வைத்தார்.
75.
"அப்ப 985" என்றேன்.
யாரும் கேட்கவில்லை.

மகஜரில் 1.060 மட்டும் இருந்தது.
பேனாவை வாங்கி மூடி வைத்தேன்.
"அந்த இன்னொரு வரியும் எழுதீருங்க சார்,
எழுதுனாப் போடறனுங்க."
கால் நடுங்கியதைத் தராசு மேடை மறைத்தது.
எழுதினார்.
உறை நீங்கலாக 985 கிராம்.
சென்னியப்பன் டம்ளரைக் கீழே வைத்துவிட்டுக்
கையெழுத்துப் போட்டார்.

மறுநாளே ஊருக்குத் தெரிந்துவிட்டது,
நான் கஞ்சாக்காரனைக் காப்பாற்றியவள் என்று.
ரூபனின் அம்மா
என் கடையைத் தாண்டும்போது
எதிர்ப்பக்கம் பார்த்துக்கொண்டு போனாள்.
அவளை என்ன சொல்ல?

பன்னிரண்டாம் நாள் பையன் ஜாமீனில் வந்தான்.
அவன் தாய் ஒரு சீப்பு பூவன் பழத்தோடு
ஷட்டருக்கு வெளியே நின்றாள்.
"நீங்க இல்லாட்டி என்ற பையன்..."
"எடுத்துட்டுப் போங்க.
நான் உங்க பையனுக்குச் சொல்லல,
சாக்குக்குச் சொன்னேன்.
இன்னொருக்கா அவன் கையில பார்த்தா
நானே போன் போடுவேன்."
பழத்தைக் கல்லின்மேல் வைத்துவிட்டுப் போனாள்.
இரண்டு நாள் அப்படியே கிடந்து கறுத்தது.
ஆடு வந்து தின்றது.

கோயமுத்தூர் கோர்ட்டுக்கு
என்றைக்கோ கூப்பிடுவார்கள்.
தராசுக்கு முத்திரை இருந்ததா என்றுதான்
வக்கீல் முதலில் கேட்பாராம்.
அன்றைக்கு இருந்தது.
சான்றிதழைப் பாலித்தீனில் போட்டு
கல்லாவுக்குள் வைத்திருக்கிறேன்.

இன்று திங்கள். மூன்று மூட்டை பாட்டில்.
ரூபனுக்குத் தடித்த கையுறை வாங்கிக் கொடுத்தேன்,
வேர்க்குது என்று கழற்றி வைத்திருக்கிறான்.
திட்டிக்கொண்டே
காலிச் சாக்கைத் தட்டில் போட்டு
எண்ணைப் பூஜ்யத்துக்குக் கொண்டுவருகிறேன்.